சோப்புக் கை

12 பிப்ரவரி 1998, வியாழன்.

வைட்ஃபீல்டில் வேலை முடித்து ஜீவனஹள்ளி வீட்டுக்கு வந்து சேர்ந்தும் மனசு அடங்கவில்லை.

நான் வேலை செய்யும் வீட்டு மார்கரெட் மேடம் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், நாட்டைப் பறிகொடுத்து வந்த போலந்துச் சிப்பாய்களை அவர் ஊரே தாங்கியதாம். லாண்டரியில் துணி துவைத்த அவருடைய அம்மாவைப் பார்த்தால் அந்தச் சிப்பாய்கள் குனிந்து கையில் முத்தமிடுவார்களாம். கதை விடுகிறார் என்றே நினைத்தேன். துவைக்கிறவள் கையை யார் தொடுவார்கள்? மேடத்தின் பக்கத்து வீட்டிலும்தான் பாத்திரம் தேய்க்கிறேன். அங்கே எனக்குத் தனி டம்ளர்.

இன்று அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவே, தன் கணவரின் ஃபேக்டரிக்கு வந்திருக்கும் போலந்து இன்ஜினியரை மேடத்தைப் பார்க்கக் கூட்டி வந்தார். வந்தவர் குனிந்து மேடத்தின் கையில் முத்தமிட்டார். அப்படியே என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். நான் சோப்புக் கையைப் பின்னால் மறைத்தேன்.

“இவ வேலைக்காரி” என்று அந்த அம்மா அவசரமாக இங்கிலீஷில் சொன்னார்.

இன்ஜினியர் நீட்டிய கையை மடக்கவில்லை.

“குடும்மா செல்வி. எங்கம்மா கையும் சோப்புக் கைதான்” என்றார் மேடம்.

கொடுத்தேன். இன்ஜினியர் நுரையோடு முத்தமிட்டார். அந்த அம்மாவின் முகம் போன போக்கு!

மேடம் காபி போடச் சொன்னார். விருந்தாளிகளுக்கான பீங்கான் கோப்பைகளில் நாலு எடுத்தேன். மூன்றை அவர்களுக்குக் கொடுத்தேன். நாலாவதோடு அந்த அம்மாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னுடையதில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே போட்டிருந்தேன்.