உன் ஞாயிற்றுக்கிழமை வேலை

கோடைகால டயர்களை எடுக்க இன்று கீழே போனேன். களஞ்சிய அறைக் கதவைத் திறந்ததும் உன் சப்பாத்து மணத்தது. சேறும் ஈரத்தோலும் சேர்ந்த மணம். ட்வெய்ட்டாவில் என் வீட்டில் உன் மலையேறும் சப்பாத்துக்கு என்ன வேலை? ரொம்மனில் உன் வீட்டில் வைக்க உனக்குத் துணிவில்லை. அவ்வளவுதான்.

உன் அம்மாவுக்கு ஞாயிறு என்றால் கோயில். கார் ஓட்ட நீ வேண்டும். நீயோ, "இண்டைக்கு வாக்ட் டியூட்டி அம்மா, சேர்வர் விழுந்தா நான்தான் போகவேணும்" என்று சொல்லிவிட்டு என்னோடு மலைக்கு வருவாய். அவர் இரண்டு பஸ் மாறிக் கோயிலுக்குப் போவார். பிள்ளைக்கு வேலை என்று நம்பி விடிய எழும்பி அவர் பொரித்துத் தந்த றோல்ஸை நாம் உச்சியில் இருந்து தின்போம். வளர்ந்த ஆம்பிளை, நடக்கப் போகிறேன் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

கடைசியாகப் போனது செப்ரெம்பரில். ஏரிக்கரைச் சதுப்பில் போட்டிருந்த பலகைகளில், எதிரே வந்த ஒவ்வொருவருக்கும் நின்று நின்று "ஹெய்" சொன்னாய். யாரோ ஒரு கிழவியின் நாயையும் தடவினாய்.

"டேய், எலெக்சன் கேக்கிறியோ? நட."

"உனக்கேனடா அவதி? மலை எங்கையும் ஓடாது."

ஏரியைத் தாண்டினால் ஏற்றம். முதலில் வேர்கள், பிறகு பாறை, பிறகு மரமே இல்லை. உச்சியில் காற்றுக்கு முதுகைக் காட்டி இருந்தோம். கீழே ஏரி கறுப்பாகக் கிடந்தது. வாய் நிறைய றோல்ஸோடு சொன்னாய்:

"மச்சான், நான் செத்தா சாம்பலை இஞ்சை தூவு. ஊரில கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோக விடாத. எனக்கு அந்தக் கடலைத் தெரியாது."

"வீட்டில சொன்னியோ?"

"நீ சொல்லன்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

ஜனவரியில், வேலைக்குப் போகும் வழியில், உன் கார் பனியில் சறுக்கியது.

இந்த நாட்டில் அனுமதி வாங்கிச் சாம்பலை மலையில் தூவலாம். விதிகளைப் படித்துப் பார்த்தேன். ஆனால் இறுதிச்சடங்குக்குப் பொறுப்பானவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். அது உன் அப்பா. போய்ச் சொன்னேன்.

"மலையோ? அவன் ஒரு மாடி ஏறவும் லிஃப்ட் தேடுறவன். தம்பி, நீர் ஆரையோ மாறிச் சொல்லுறீர்."

"இல்லை அங்கிள், நாங்கள் ரெண்டு பேரும் அடிக்கடி போறனாங்கள்."

"எப்ப போனனீங்கள்?"

கையில் போன் இருந்தது. படங்கள் எல்லாம் அதில் இருந்தன. எல்லாமே ஞாயிற்றுக்கிழமைகள். பாதிப் படங்களில் உன் கையில் றோல்ஸ். எதிரே உன் அம்மா, வந்திருந்த யாரிடமோ, "பாவம், ஞாயிறு கூட ஓய்வில்லாமல் உழைச்ச பிள்ளை" என்று சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

போனைப் பைக்குள் வைத்தேன். "சும்மா பகிடிக்குக் கதைச்சது அங்கிள்" என்றேன். உன் அப்பா உன்னைக் கீரிமலைக்குக் கொண்டுபோனார்.

உனக்குக் கோபமென்றால் இருக்கட்டும். என் கோபம் அதைவிடப் பெரியது. பிரதி எடுத்து வைக்காமல் வேலையில் ஒரு ஃபைலைக்கூடத் தொடமாட்டாய். உன் கடைசி விருப்பத்தை மட்டும் என் ஒருவன் தலைக்குள் போட்டுவிட்டுப் போனாய். ஒரே ஒரு வசனம். உயிரோடு இருக்கும்போது நீயே சொல்லியிருக்கலாம்.

இப்போது ஞாயிறுகளில் உன் அம்மாவைக் கோயிலுக்கு நான்தான் ஏற்றிப் போகிறேன். மலைக்குப் போக நேரமில்லை. போன கிழமை காரில் கேட்டார்:

"தம்பி, நீங்கள் ரெண்டு பேரும் ஒரே வேலைதானே. உமக்கு ஞாயிறு வாக்ட் இல்லையோ?"

"இல்லை அன்ரி."

"அவனுக்கு மட்டும் ஏன் அப்பிடிக் குடுத்தவங்கள்?"

"அவன் கெட்டிக்காரன் அன்ரி. அவன் இல்லாட்டி அங்கை ஒண்டும் ஓடாது."

"ஓம், எனக்குத் தெரியும்" என்றார். ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு பெருமை.

இந்தப் பொய்யை நான் எவ்வளவு காலம் சொல்ல வேண்டும் என்று நீ சொல்லவில்லை.