அல்சீட்டுக்கு விட்ட பதினாறு கட்டங்கள்

நியூ ஆர்லியன்ஸ்,
4 அக்டோபர் 1971, திங்கள்

மதிப்புக்குரிய அல்சீட் துவெர்னே அவர்களுக்கு,

எமீல் ரோஷோனின் மனைவி ஓனரீன் எழுதுவது. மனைவி என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் தாள் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும். உங்கள் முகவரியைத் தந்தவர் நம் குழுவில் பாஸ் வாத்தியம் வாசித்த லூசியன். நலமாக இருக்கிறீர்களா? கோபன்ஹேகனில் இப்போதே குளிர் இறங்கியிருக்கும். உங்களுக்குச் சளி சீக்கிரம் நெஞ்சில் கட்டும். கம்பளித் துணி சுற்றாமல் வெளியே போகாதீர்கள்.

எமீல் போன நவம்பரில் காலமானதை அங்கேயும் பத்திரிகைகளில் போட்டார்களாம். நதிக் கப்பலில் பியானோ வாசித்த பையன், நாற்பது வருடம் சொந்தக் குழு நடத்தியவர், இருநூறு பாடல்கள் எழுதியவர் என்றெல்லாம் போட்டிருந்தார்கள். கறுப்பர்கள் என்று எந்த ஹோட்டலும் நம்மை உள்ளே விடாததால் பேருந்திலேயே தூங்கி, பெட்ரோல் கடைக் குழாயில் முகம் கழுவி, அன்று மாலையே மடிப்புக் கலையாத சட்டையோடு மேடையேறியதை யாரும் எழுதவில்லை. அந்தச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டவள் நான்.

சவ அடக்கம் முறையாகவே நடந்தது. கல்லறைவரை மெதுவாக வாசித்துப் போனார்கள். திரும்பும்போது நம் ஊர் வழக்கப்படி துள்ளலாக வாசித்தார்கள், தெருவே ஆடியது. நான் ஆடவில்லை. வீட்டுக்கு வந்து பியானோவை மூடினேன். பதினோரு மாதமாகத் திறக்கவில்லை. திங்கட்கிழமை ஆனால் சிவப்புப் பயறு வேக வைக்கிறேன். இரண்டு பேருக்கான அளவு கைக்குப் பழகிவிட்டது. புதன்வரை அதையே சாப்பிடுகிறேன்.

இனி, எழுத வந்த விஷயம்.

எமீல் இசையை எப்படி எழுதுவார் என்பது உங்களுக்குத் தெரியும். வாத்தியத்தின் பெயரை எழுதமாட்டார், ஆளின் பெயரை எழுதுவார். 'லூசியன்', 'அல்சீட்' என்று பென்சிலில் கிறுக்கித் தருவார். அதை மையில் படியெடுப்பது என் வேலை. உங்கள் பெயர் இருந்த இடத்தில் 'முதல் கிளாரினெட்' என்று நான் திருத்தமாக எழுதி வைப்பேன். மடத்தில் கன்னியர் என் விரல் முட்டியில் அடித்துப் பழக்கிய கையெழுத்து அது. அவர் சிரித்துக்கொண்டே, "ஓனரீன், கிளாரினெட்டா நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிடுது?" என்பார்.

நீங்கள் குழுவை விட்டுப் போன பிறகு அவர் எழுதிய ஒவ்வொரு பெரிய இசையிலும் ஓரிடத்தில் பதினாறு தாளக் கட்டங்கள் காலியாக இருந்தன. மேலே 'அல்.' என்று மட்டும் பென்சில் குறி. நான் படியெடுத்தபோது அந்தக் கட்டங்களில் எல்லாம் மௌனக் குறி போட்டேன். ஒன்றுகூடக் கோணலாக இராது. அவர் பார்த்தார்; திருத்தவில்லை. குழுவும் அந்த இடத்தில் நிறுத்தியது. விமர்சகர்கள் அவரை மௌனத்தை வாசிக்கத் தெரிந்தவர் என்று புகழ்ந்தார்கள். அதை நானும் பெருமையாகக் கத்தரித்து ஒட்டி வைத்திருக்கிறேன்.

போன வாரம் லூசியன் வந்திருந்தார். நினைவுக் கச்சேரியைப் பற்றிப் பேசும்போது அந்த மௌனத்தை நான் மெச்சிக்கொண்டேன். பயறுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "என்ன மௌனம் மேடம்? அந்த இடம் வந்தா தலைவர் பியானோவுலேர்ந்து கைய எடுத்துட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாரு. நாங்களும் திரும்பிப் பாப்போம். டிரம்காரன்கூட, 'யாருப்பா லேட்டு, கவர்னரா?'ன்னு கிண்டல் பண்ணுவான். தலைவர் சிரிக்க மாட்டாரு."

பதினேழு வருடம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் மேடையை மட்டுமே பார்த்திருக்கிறேன், அவர்கள் பார்வை போன பக்கம் திரும்பியதில்லை.

அல்சீட், நீங்கள் கடைசியாக வந்த அன்று நம் சமையலறையில் உங்களிடம், "தலைவர் உங்கள் இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டார், அவர் வாயால் சொல்லச் சங்கடப்படுகிறார்" என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அப்போது அவர் தேவாலயப் பூசைக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும், ஐரோப்பாவில் நல்ல இடம் கிடைத்து நீங்களாகவே போய்விட்டதாக அவரிடம் சொன்னேன். ஒருவருக்கொருவர் எழுதிக் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இருவரின் ரோஷத்தையும் நம்பித்தான் செய்தேன்.

பேருந்துக்குத் தாமதமாக வருகிறீர்கள், ஷூவில் மெருகில்லை என்று காரணங்கள் வைத்திருந்தேன். அவை காரணமில்லை. நீங்கள் இருவரும் அடுப்படி மேசையில் உட்கார்ந்து ஒரு மெட்டைப் பிடித்து இழுக்கும்போது அவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் அடுத்த அறையிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். நீங்கள் போனபின் அது என் பக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். குருவானவர் மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொல்லி முடித்தும் ஒன்றும் குறையவில்லை.

நவம்பர் ஏழாம் தேதி, ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, நம் பங்குக் கோயில் மண்டபத்தில் கச்சேரி. அவர் கடைசியாக எழுதியதைத்தான் வாசிக்கப் போகிறார்கள். அதற்கு முன், முதல் தேதி சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவேன். நீங்கள் வந்தால் அவரைப் பார்க்கச் சுத்தமாக இருக்கும்.

உங்களுக்கான தாளைப் புதிதாகப் படியெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே 'அல்சீட்' என்று முழுப் பெயரும் எழுதியிருக்கிறேன். பதினாறு கட்டங்களிலும் நான் ஒன்றும் போடவில்லை. வாசல் கதவைச் சாத்தக்கூடாது என்று மண்டபக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. இந்த முறை நானும் திரும்பி உட்காருவேன்.

கடல் கடப்பவர்களைக் காக்கும் மரியன்னை உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வா, அல்சீட்.

ஓனரீன் ரோஷோன்

பி.கு. ஷூவுக்கு மெருகு போட வேண்டாம்.