மதிலில் ஓர் அரிசி இடைவெளி

ஜூன் 6, 2004

இன்றும் வீட்டுக்கார செல்லம்மாள் அக்கா மீன் குழம்பு கொடுத்தார். வாடகைக்கு இருப்பவளுக்கு யார் இப்படிச் செய்வார்கள்? ஞாயிறு என்பதால் பூசை முடிந்து, கணவர் தாவீது அண்ணனின் கல்லறையில் கொஞ்சம் அழுதுவிட்டு வந்துதான் அடுப்பு பற்றவைத்திருக்கிறார். நன்றாக இருக்கட்டும்.

ஜூன் 9

இந்த ஊரில் வரப்போகும் புதுக் கம்பெனிக்காக எங்கள் பட்டறையில் செய்த கட்டட மாடல் முடிந்தது. பிரைமர் அடித்ததும், ஒளிந்திருந்த கீறலெல்லாம் பல்லைக் காட்டின. பட்டி வைத்து, காயவிட்டு, உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். சுற்றுமதிலில் ஓர் அரிசி அளவுக்கு இடைவெளி. கூட வேலை செய்யும் வேல்ராஜ் அவசரமாக வெட்டியது போல. அதையும் அடைத்து, விரலுக்கே தெரியாதபடி ஆக்கிவிட்டேன். முதலாளி கோதண்டம் சார் தடவிப் பார்த்து, "சூப்பர்மா, கண்ணாடி மாதிரி கீது" என்றார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டிய விரல்! கடவுளே, நன்றி.

ஜூன் 13

பள்ளிக்கூடத்தில் கம்பெனிக்காரர்கள் ஊராருக்கு மாடலைக் காட்டியிருக்கிறார்கள். அக்கா வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"கல்லறைத் தோட்டம் மதிலுக்குள்ள வந்தாலும் வழி வுடுறோம்னு வாயால சொன்னானுங்க. பொம்மைல பாத்தா சுத்திக்கினு ஒரே மதிலு. எங்கூட்டுக்காரர உள்ள வச்சுப் பூட்டிட்டானுங்க."

அந்த அரிசி இடைவெளி — அதுதான் வழியா? டிராயிங்க ஒரு தடவ பாத்தா என்னவாம் எனக்கு? அப்படி என்ன அவசரம்?

ஜூன் 14

சொல்லிவிட்டேன். முதலில் சாரிடம். "நானும்தானே தடவிப் பாத்து சூப்பர்னேன். தப்புல பாதி என்னுது" என்றார். திட்டியிருந்தால்கூட அழுதிருக்க மாட்டேன்.

பிறகு அக்காவிடம். "யக்கா, நாந்தான் அடைச்சேன். தெரியாம செஞ்சிட்டேன்." அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூன் 15

அக்கா இன்னும் பேசவில்லை.

ஜூன் 17

சார் கம்பெனியில் பேசி ஏற்பாடு செய்தார். பள்ளிக்கூடத்தில், ஊரார் சுற்றி நிற்க, மாடலின் மதிலை அரத்தால் ராவினேன். பழைய அளவு வந்ததும் நிறுத்தினேன். அக்கா குனிந்து பார்த்தார்.

"இது எவ்ளோ அகலம்?"

"ஒரு ஆள் தாராளமா போலாம்மா" என்றார் கம்பெனி மேனேஜர்.

"ஆளு போவும் சார். பெட்டி எப்படிப் போவும்? ரெண்டு பக்கமும் தோள் குடுத்துத் தூக்கிக்கினு வரணுமே?"

அதுவரை அது யாருக்குமே தோன்றவில்லை. மேனேஜர் மாடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "இன்னும் கொஞ்சம் ராவுங்க" என்றார். அக்கா "போதும்" என்று சொல்லும்வரை ராவினேன். அந்த மேனேஜரையும் வாழ்த்தத்தான் தோன்றுகிறது.

சாயங்காலம் குழம்பு வந்தது. கருவாடு.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். நிஜ மதில் எழும்பிவிட்டது. வழி, அக்கா "போதும்" என்ற அதே அளவில். ஓரத்துப் பூச்சு சொரசொரவென்று இருந்தது. தேய்க்கக் கை துறுதுறுத்தது. அக்கா மெழுகுவத்தி எடுத்துக்கொண்டார், நான் சாமந்தி.

"நீ அடைக்காம வுட்டிருந்தா, அந்த ஓட்டையே போதும்னு தலையாட்டிட்டு வந்திருப்போம்டி" என்றார்.

ஒருவர் பின் ஒருவராக நுழைந்திருக்க வேண்டிய இடத்தில், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வந்தார்.