ஒரு கை இல்லாத சட்டை

திருகோணமலை
1943 மார்கழி

என் அருமை மகள் கோணேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. பத்திரகாளி அம்மன் புண்ணியத்தில் இந்த மார்கழி மழையிலும் அப்பாவும் நானும் நலமாக இருக்கிறோம், நுவரெலியாக் குளிரில் நீயும் மருமகனும் நலமென்று அறிய ஆவலாயிருக்கிறேன். விடியற்காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்தது தொட்டு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தை கடைசியில் பச்சைப் பிள்ளையோடு அந்தக் குளிரில் என்ன செய்யப்போகிறாய்? முறைப்படி தலைப்பிள்ளைக்கு நீ இங்கேதான் வந்திருக்கவேண்டும். ஆனால் போன வருடம் பங்குனியில் குண்டு விழுந்து கட்டைபறிச்சானுக்கு வள்ளத்தில் ஓடினபோது உன் வயிற்றில் இருந்தது கலைந்துபோனதை நினைத்தால், வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் துறைமுகத்தில் பீரங்கி சுட்டுப் பழகினால் குசினியில் கோப்பைகள் குலுங்குகின்றன. கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்களாம். பார்க்கிற ஐயா பீரங்கிக் கதையை வெட்டினாலும் இனி நான் எழுதப்போகும் நூல் கதையை வெட்டாமல் விட்டால் போதும்.

உன் கடிதம் வந்த அன்றே அலுமாரிக்கு மேலிருந்த என் தகரப்பெட்டியை இறக்கினேன். சண்டை தொடங்கின காலத்தில் கப்பல்காரருக்குக் காலுறை பின்ன மிஷன் பள்ளிக்கூடத்து மிஸ்ஸி தந்து, ஊருக்குப் போகும்போது மிச்சத்தை எனக்கே விட்டுப்போன கம்பளி நூல், உனக்குத் தெரியும்தானே. இந்த வெயிலூரில் இதைக் கட்டிக்காத்து என்ன செய்யப்போகிறாய் என்று அப்பா கேட்காத நாள் இல்லை. உள்ளே போட்டுவைத்த வேப்பிலை எல்லாம் தூளாகிப் போயிருந்தது, ஆனால் நூலை ஒரு பூச்சியும் தொடவில்லை பிள்ளை. சாம்பல் நிறமும் கடும் நீலமுமாக உருண்டைகளைக் கட்டிலில் பரப்பிவைத்து, எதற்குப் பக்கத்தில் எது வந்தால் வடிவு என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததில் கூப்பன் அரிசி அடிப்பிடித்துவிட்டது. அப்பா கருகலை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார். நான் அன்று பின்னேரமே ஊசியில் கண்ணி ஏற்றிவிட்டேன்.

பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. பிறவாத பிள்ளைக்குப் புது உடுப்பு எடுக்கக்கூடாது, பிறந்தாலும் முதலில் பழஞ்சீலையில்தான் சுற்றவேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒருமுறை பறிகொடுத்தவள் நீ. அதனால் ஆரும் கேட்டால் தேத்தண்ணிக் கேத்தில் ஆறாமலிருக்க உறை பின்னுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். முன்பக்கமும் பின்பக்கமும் முடியும் வரைக்கும் அந்தப் பொய் நின்றது. ஒரு கையைப் பின்னி முடித்த அன்று அப்பா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கேத்திலுக்கு என்னத்துக்கு வள்ளியம்மா கை என்று கேட்டார். பக்கத்து வீட்டிலிருந்து பூரணம் மாமி வந்து நின்ற நேரம் பார்த்தா அதைக் கேட்கவேண்டும்? மாமியின் வாயைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. விளக்கு வைத்த பிறகு ஊசி எடுத்தாலே ஏசுகிறவ. நான் பின்னலை மடியில் போட்டு மறைத்தேன்.

மாமி ஏசவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, மடியிலிருந்ததை எடுத்து விரித்து, முடிந்திருந்த கைக்குள் தன் இரண்டு விரலை விட்டுப் பார்த்தா. அந்த விரலை வெளியே எடுக்க மனமில்லாமல் கன நேரம் இருந்தா. பிறகு, "ரெண்டு கையும் இருந்தாத்தானே அது சட்டை. மற்றக் கையைப் பின்னாமல் விடு, ஆர் கண் படுதெண்டு பாப்பம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டா. அடுத்தநாள் காலை, மழைக்கு இருமல் வந்தால் கழுத்தில் சுற்றுகிற அந்த மஞ்சள் மப்ளரின் பின்னலைப் பிரித்து, நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டு வந்தா. மகன் இரத்தினசிங்கம் கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது, வேறு ஆரையும் தொடவும் விடமாட்டா. கழுத்துக்கு இதைப் போடு, சாம்பல் நூல் பிள்ளைக்குக் குத்தும் என்றா. மாமி, உங்களுக்கு இருமல் வந்தால் என்று கேட்டேன். எனக்கு இருமல் புதிசே என்று போய்விட்டா. நான் குசினிக்குள் போய் அழுதேன், சந்தோஷத்தில்தான், நீ பயப்படாதே.

கழுத்தும் முடிந்துவிட்டது. மஞ்சளும் நீலமும் சேர்ந்து அவ்வளவு வடிவு. எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் நூலைக் கையில் எடுத்தால் பயத்தைவிட ஆசைதான் கூட வருகிறது. தண்ணீர் வாளி தூக்காதே. வெறுங்காலோடு அந்தச் சீமெந்துத் தரையில் நடக்காதே. மல்லியும் இஞ்சியும் போட்டு அவித்துக் குடி. மருமகன் உன்னைச் சுகமாக வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் என் ஆசி. கோணேசர் உங்கள் இருவரையும், வரப்போகிறவரையும் கைவிடமாட்டார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. மருமகன் தபால் கந்தோரில் இருந்து என்ன பயன், பிள்ளையின் சத்தம் கேட்ட உடனே தந்தி அடிக்கச் சொல்லு. ரயிலில் பட்டாளத்துப் பெடியன்கள் எவ்வளவு நெருக்கினாலும் நான் ஏறிவிடுவேன், எனக்குக் குந்த ஒரு மூலை போதும். கந்தளாயில் மற்றக் கையைத் தொடங்கினால் உங்களூருக்கு நானுஓயாவில் இறங்கும்போது சட்டை முடிந்திருக்கும்.

உன் அன்புள்ள அம்மா,
இராசநாயகம் வள்ளியம்மா