நாலு மூலையும் சரி

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாவது நாளாக மழை. துணி எதுவும் காயவில்லை. ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு நிவியின் யூனிஃபார்ம். வீடு முழுக்க ஈர நாற்றம்.

செக்‌ஷன் பிரிக்கும் பரீட்சை, நி.யின் கணக்குத் தாள் வந்துவிட்டது. இருபதுக்குப் பதினேழு. பதினெட்டு வாங்கியிருந்தால் ஏ. ஒரே ஒரு மார்க்.

ஏ-யில் கணக்குக்கு நிரந்தர டீச்சர். பி-யில் அன்றைக்கு யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள். இரண்டாம் வகுப்பில் பி என்றால் நாலாவது முடியும்வரை பி. மாடி வீட்டுச் செல்வி அக்காவின் மகனுக்கு அப்படித்தான் ஆயிற்று. வாட்ச்மேன்கூட அந்தப் பிள்ளைகளை ‘பி-வாலே’, பி-க்காரர்கள் என்றுதான் கூப்பிடுகிறான்.

மூன்று தப்பு. ஒன்று கூட்டல், கவனக்குறைவு. ஒன்று கடிகாரம், நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்றாவது தீக்குச்சிக் கேள்வி. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

பன்னிரண்டு குச்சி, ஜன்னல் மாதிரி. வெளியே எட்டு, உள்ளே கூட்டல் குறியாக நாலு. இரண்டை எடு, இரண்டே சதுரம் மிஞ்ச வேண்டும். நி. உள்ளே இருப்பதில் இடது குச்சியையும் கீழ்க் குச்சியையும் அடித்திருக்கிறாள். மிச்சம், வெளியே பெரிய சதுரம், வலது மேல் மூலையில் சின்னது. இரண்டு. சரி. அதன்மேல் சிவப்பு மையில் பெருக்கல். பக்கத்தில் டீச்சர் வரைந்த ‘சரியான விடை’. அதில் சின்னச் சதுரம் இடது கீழ் மூலையில் இருக்கிறது.

அவ்வளவுதான் வித்தியாசம். நாலு மூலையில் எதில் விட்டாலும் சரி. இதற்கு பி.எஸ்ஸி. கணிதம் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

தாளைக் கிழித்துப் போடலாம் என்று வந்தது. பத்திரமாக ஃபைலில் வைத்தேன்.

ஜூலை 9, புதன்

தண்ணீர் ஐந்தரைக்கு. இரண்டு டிரம். கேஸ் புக் செய்ய. இருமல் மருந்து.

இவரிடம் தாளைக் காட்டினேன். பெல்ட் கம்பெனியில் நாள் முழுக்கத் தோல் வெட்டிவிட்டு வந்த அலுப்பு. “ஒரு மார்க்குக்குப் போயி சண்ட போடுவியாட்டி? பிள்ள அங்கனதான இன்னும் எட்டு வருசம் படிக்கணும்” என்றார். அதனால்தான் போகிறேன் என்றேன்.

தரையில் குச்சிகளை அடுக்கி, நீங்களே போடுங்கள் என்றேன். பத்து நிமிஷம் பார்த்தார். வெளிமூலையில் இரண்டை எடுத்தார். மூன்று சதுரம் மிஞ்சியது. எடுத்த குச்சியால் காது குடைந்துகொண்டே டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

தயிர் உறை வாங்க வந்த செல்வி அக்கா, தரையைப் பார்த்துவிட்டு, “என்னளா, வீட்டக் கொளுத்தப் போறியா?” என்றாள். வீட்டை இல்லை அக்கா, பள்ளிக்கூடத்தை என்றேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

தீப்பெட்டியில் எங்கள் ஊர்ப் பெயர். சின்ன வயதில் பள்ளி விட்டு வந்து, மருந்தில் முக்கும் மரச் சட்டத்தில் குச்சி அடுக்கியவள் நான். கையில் இருக்கும் சட்டம் முடிந்தால்தான் புத்தகத்தைத் தொடலாம். மெதுவாக அடுக்கினால் மணிக்கட்டில் ஒரு அடி. இந்தச் சனியனிடமிருந்து தப்பிக்கத்தான் காலேஜ் போனேன். பம்பாயில் தாராவி வரைக்கும் பின்னாலேயே வந்திருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

பள்ளிக்குப் போனேன். மாட்டுங்கா வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே, சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் மனப்பாடம்.

டீச்சர் பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேசினார். நானும் என் இங்கிலீஷில். நடுவில் நி.யிடம் சும்மா நில்லு என்று நான் சொன்னது காதில் விழுந்ததும் தமிழுக்கு மாறினார். ஓ தமிழா, எங்கேர்ந்து வரேள் என்று கேட்டார். தாராவி என்றேன். “அதான்” என்றார்.

எது அதான்? திரும்பி வரும்போது பஸ் முழுக்க அந்த ஒரு சொல்தான். அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

ஆன்ஸர் கீயில் என்ன இருக்கிறதோ அதைத்தான் போட முடியுமாம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பதில் என்று ஆரம்பித்தால் எங்கே போய் முடியுமாம். தாளை மேசைமேல் வைத்துத் தலைகீழாகத் திருப்பினேன்.

“இப்பப் பாருங்க டீச்சர். நீங்க வரைஞ்சதேதான் இது.”

பார்த்தார். நன்றாகப் பார்த்தார். புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. புரிந்த பிறகும் கேட்கிறார்: “ஆத்துல நீங்க சொல்லிக் குடுத்துட்டேளா?”

பரீட்சை நடந்தது வகுப்பில். நான் தாராவியில் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகவா சொல்லிக்கொடுத்தேன்?

ஹெட் மேடத்திடம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். திங்கள்கிழமை மேடம் ரூமில் நி. மட்டும் மறுபடி செய்து காட்ட வேண்டும். நிஜக் குச்சி, இதே கேள்வி, இரண்டு நிமிஷம். செய்தால் ஏ. பெரிய உபகாரம் செய்வதுபோலச் சொன்னார். நானும் தாங்க் யூ என்றேன். எதற்கு? தப்பு அவர்களுடையது, பரீட்சை என் பிள்ளைக்கு.

ஜூலை 12, சனி

காலையிலிருந்து குச்சி.

– ஜன்னலில் மொத்தம் எத்தனை சதுரம்? நாலு என்றாள். பிறகு தானே, “பெரிசயும் சேத்தா அஞ்சு.” சரி.
– 2 எடுத்து 2. சரி.
– 3 நகர்த்தி 3. அவளுக்கு வரவில்லை. எனக்கும் இருபது நிமிஷம் வரவில்லை. அவளிடம் சொல்லவில்லை.
– கோதுமை மாவு, சோப்புத்தூள்.

இரண்டாவதுதான் அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஒரு தடவை வலது மேல், அடுத்த தடவை வலது கீழ், பிறகு இடது மேல். சுற்றிச் சுற்றி விடுகிறாள். சின்ன டப்பா ரூம் மாத்துதும்மா என்று ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வாரத்தில் முதல் தடவை.

மத்தியானம் பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது. திங்கள்கிழமை இவள் வலது மேலில் விட்டு, அந்த டீச்சர் மறுபடி கீயைப் பார்த்தால்? இந்தத் தடவை தாளும் இல்லை, திருப்பிக் காட்ட.

கூப்பிட்டு உட்கார வைத்தேன். திங்கள்கிழமை இடது கீழ் மட்டும்தான், வேறு எந்த மூலையிலும் விடக்கூடாது என்றேன். “க்யூன்? ஏம்மா?” என்றாள். “கேக்காத. கேட்டா டைம் போயிரும்” என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

இவர் மட்டன் எடுத்து வந்தார். குழம்பு தீய்ந்துவிட்டது, அடுப்பை நான் கவனிக்கவே இல்லை.

முப்பது தடவை போட வைத்தேன். போனில் நேரம் பார்த்து. இருபத்தெட்டு இடது கீழ். இரண்டு தடவை வலது மேல். முதல் தடவை திட்டினேன். இரண்டாவது தடவை மணிக்கட்டில் அடித்துவிட்டேன். குச்சி எல்லாம் கட்டிலுக்கு அடியில் போனது. பலமாக இல்லை.

பலமாகத்தான்.

அழவில்லை. குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினாள். மறுபடி அடுக்கினாள். இடது கீழ். பத்தொன்பது செகண்ட். சபாஷ் என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

பஸ் தாமதம். நி.யின் சாக்ஸ் முழுக்க நனைந்துவிட்டது.

என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவில் சின்னக் கண்ணாடி. மேடம் மேசைக்கு அந்தப் பக்கம், நி. இந்தப் பக்கம். மேடமே குச்சிகளை நடுவில் அடுக்கினார். டீச்சர் மேடத்துக்குப் பக்கத்தில், கையில் போன்.

நி. கையை நீட்டினாள். குச்சியைத் தொடப்போய் நிறுத்தினாள். மேடத்தைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துக் குச்சிகளைப் பார்த்தாள். கையை இழுத்து இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு நிமிஷமும் அப்படியே. ஒரு குச்சியைக்கூடத் தொடவில்லை.

எடுடி, எடுடி என்று கண்ணாடிக்கு வெளியே நான் முணுமுணுத்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் வெளியே வந்தார். இந்தத் தடவை ரொம்ப மென்மையாக: “கொழந்தைக்குப் புரியல. பி-ல கொஞ்சம் மெதுவாப் போவா. அவளுக்கும் நல்லதுதானே.” மென்மையாகப் பேசியதுதான் அதிகமாக எரிந்தது.

பஸ்ஸில் நி.யிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அங்கேயே அடித்திருப்பேன். வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றிவிடும்போது கேட்டேன், ஏன் எடுக்கவில்லை என்று.

“மேடம் எதுத்தாப்ல இருந்தாங்க. அவங்களோட இடது கீழ எனக்கு வலது மேலம்மா. அங்க விட்டா நீ அடிப்ப. என்னோட இடது கீழ விட்டா அவங்க தப்பு போடுவாங்க. யாரோடதுன்னு கேக்கலாம்னு பாத்தேன். கேட்டா டைம் போயிரும்னு நீதான சொன்ன.”

ஏழு வயது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டே முழு ஜன்னலையும் மனசுக்குள் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அதைத்தான் புரியவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

டீச்சரைத் திட்டலாம் என்றுதான் இந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவர் போட்டது ஒரே ஒரு பெருக்கல், தாளில். நாலும் சரி என்று அங்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு, வீட்டில் மூன்றைத் தப்பாக்கியது நான். அடித்து.

இவரிடம் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, “அந்தக் கணக்க எனக்கும் ஒரு தடவ சொல்லு” என்றார். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஜூலை 15, செவ்வாய்

7.10. நி.யை பி-யில் விட்டேன். மாடிப்படிக்குப் பக்கத்து அறை, ஒரு டியூப்லைட் எரியவில்லை.

வீட்டுக்கு வரவில்லை. மேடம் ரூம் வாசலில் நின்றேன். வாட்ச்மேன் மூன்று தடவை போகச் சொன்னான். ஒன்பது மணிக்கு மேடம் வந்தார். மராட்டிக்காரர். மனப்பாடம் செய்த இங்கிலீஷ் எதுவும் வாயில் வரவில்லை. “சப் ஆத்தா ஹை உஸ்கோ. மைனே மாரா” என்றேன். அவளுக்கு எல்லாம் தெரியும், நான்தான் அடித்தேன். மேசை, எதிர்ப்பக்கம், மூலை எல்லாம் கையை வைத்துக் காட்டினேன்.

மேடம் கடைசிவரை கேட்டார். குழந்தையை அடிக்கக் கூடாது என்றார். லிஸ்ட் ஆபீஸுக்குப் போய்விட்டதாம், தீபாவளி லீவுக்குப் பிறகு பார்க்கலாமாம். எதைப் பார்ப்பது என்று சொல்லவில்லை.

சாயங்காலம் நி. ஹோம்வொர்க் முடித்துவிட்டு அவளாகவே தீப்பெட்டியை எடுத்து வந்தாள். பன்னிரண்டையும் என் முன்னால் அடுக்கினாள். “எங்க விடணும், சொல்லு” என்றாள்.

எங்கே வேண்டுமானாலும் விடு, எல்லாமே சரிதான் என்றேன்.

அவள் குச்சிகளைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.