ஜெபக்காரம்மா என்னை எழுப்பவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், நீயும் உன்னோடு ஊழியத்துக்கு வந்த அக்காமாரும் அங்கே சுகமாக இருக்க வேண்டுகிறேன். சுகம் என்று வழக்கத்துக்கு எழுதிவிட்டேனே தவிர மனசு கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் கிளாஸ் இருக்கிறது அப்புறம் பேசுகிறேன் என்று நீ வைத்துவிடுவாய். நம் சபைப் பல் டாக்டர் அடுத்த குழுவோடு அங்கே வருகிறாராம், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன். அப்பா எழுத வேண்டாம் என்கிறார், பிள்ளை தெரியாத ஊரில் நல்ல காரியம் செய்கிறாள், வந்ததும் பேசிக்கொள்ளலாமாம். அவருக்கென்ன, எல்லாவற்றையும் வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றே காலத்தை ஓட்டிவிட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் எல்லோரையும் உட்காரச் சொல்லி, நம் பெண்கள் வெளிநாட்டில் எப்படி உழைக்கிறார்கள் பாருங்கள் என்று விளக்கை அணைத்துத் திரையில் உன்னைக் காட்டினார். கையில் மைக், கழுத்தில் அட்டை, பக்கத்தில் நீ பேசப் பேச அவர்கள் பாஷையில் சொல்லும் ஒரு பெண், எதிரே பயிற்சிக்கு வந்த அந்த நாட்டுப் பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் மகள் என்று பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தேன், அவ்வளவு பெருமை எனக்கு. அப்புறம்தான் நீ வாயைத் திறந்தாய். என் தம்பி பிறந்த பிறகு அம்மா மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள், பிள்ளையைத் தொடவில்லை, பால் கொடுக்கவில்லை, எங்கள் சபையில் ஜெபக்காரம்மா என்று ஒருவர் தினமும் வந்து கையைப் பிடித்து ஜெபித்தார், ஒருநாள் அம்மா எழுந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள், நீங்களும் அப்படிக் கைப்பிடித்துத் தூக்கிவிடுகிற மென்டராக வேண்டும் என்றாய். அங்கே கைதட்டினார்கள், இங்கேயும் தட்டினார்கள். என் மறுபக்கத்தில் உன் தம்பி, நம் சின்னவன், பெண்டாட்டியோடு உட்கார்ந்திருந்தான். அவன் கை தட்டவில்லை.

இத்தனை வருஷம் அவன் காதில் விழாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன், அவனே அதைச் சபையோடு சேர்ந்து திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டான். யாரைக் கேட்டுச் சொன்னாய்? ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைக் காயம் ஒன்றைத் திறந்து காட்டித்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டும், அதுதான் அதன் முறை என்று பாஸ்டரம்மா எனக்கு விளக்குகிறார். சரி, உன் காயத்தைத் திறக்க வேண்டியதுதானே. உன் கல்யாணம் நிச்சயம் வரைக்கும் வந்து நின்றுபோனதே, அதைச் சொல்லியிருக்கலாமே. அது வலிக்கும். என்னுடையது உனக்கு வலிக்காது, அதனால் தாராளமாக எடுத்துக் கொடுத்துவிட்டாய். அன்றைக்கு வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் ஆளாளுக்கு என் கையைப் பிடித்து, நோயாளியிடம் பேசுகிற குரலில் பேசுகிறார்கள். பத்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத டியூஷன் டீச்சர்கூட கட்டிப்பிடிக்கிறாள். எனக்கு வந்த எரிச்சலை அடக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

சின்னவன் அந்த வாரம் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் பஸ் டிப்போவிலிருந்து நேராக வந்தான், ஒர்க்‌ஷாப் கரியைக்கூடக் கழுவவில்லை, சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "என்னைப் பிடிக்காமத்தான் படுத்துட்டியாம்மா?" என்று கேட்டான். அடுப்பை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் போனேன். பிள்ளை பெற்ற சிலருக்கு வருகிற வியாதிடா அது, டாக்டர் மருந்து கொடுத்துத் தீர்ந்தது, உன் மேல் எனக்கு என்ன கோபம் என்று என்னென்னவோ சொன்னேன். கேட்டுக்கொண்டான், கையைக் கழுவிச் சாப்பிட்டான், இப்போது பழையபடி வந்து போகிறான். ஆனால் அவன் அப்படிக் கேட்க வேண்டி வந்ததே, அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன், நீ சொன்னது நடக்கவே இல்லையே, அதை எப்படி விடுவது? ஜெபக்காரம்மா வந்தார், உண்மை. அவர் வந்ததும் உன் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து வெளியே விளையாட அனுப்பிவிடுவார்கள், அவர் உள்ளே போவதும் வெளியே வருவதும்தான் உனக்குத் தெரியும். உள்ளே அவர் என் தலைமாட்டில் உட்கார்ந்து, நன்றியில்லாத தாய்க்குப் பால் ஊறாது, உனக்குள் என்ன பாவம் இருக்கிறது என்று தேடு, அதைச் சொன்னால்தான் எழுவாய் என்பார். நான் தேடினேன் பார், பைத்தியம் மாதிரி தேடினேன். அவர் வந்து போகிற ஒவ்வொரு நாளும் இன்னும் ஆழமாகப் போனேன், பிள்ளையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று உன் அப்பாவைக் கெஞ்சினேன். நல்ல மனுஷிதான், இப்போது உயிரோடும் இல்லை, எத்தனையோ பேருக்குச் சோறு போட்ட கை. ஆனால் என்னை எழுப்பியது அவர் இல்லை.

எழுப்பியது உன் அத்தை. சபை வாசலை மிதிக்காத, வாயைத் திறந்தால் வம்பு என்று நீ ஒதுங்கிப் போகிற அதே அத்தைதான். அப்பா சொல்லி அனுப்பியதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், முதல் வேலையாக உன்னை மாமா வீட்டில் விடச் சொன்னாள். மறுநாள் ஜெபக்காரம்மாவை வாசலிலேயே நிறுத்தி, "ஜெபம் பண்றதுன்னா உங்க வீட்ல இருந்தே பண்ணுங்க, அவருக்குக் கேக்கும்" என்று கதவைச் சாத்தினாள். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு பால் புட்டி கழுவினாள், துணி அலசினாள், சிக்குப் பிடித்த என் தலையை வலிக்க வலிக்க வாரினாள், ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், மாத்திரையை விழுங்கினேனா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். நீ திரும்பி வந்தபோது நான் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தேன், சபையில் ஜெபக்காரம்மா நான் எழுந்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார், நீயாக இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டாய். நானும் அதை அவிழ்க்கவில்லை, அவிழ்க்க வேண்டிய நாள் வரும் என்று யார் கண்டது?

வரும் பெண்கள் கூட்டத்தில், கர்த்தர் என்னை எழுப்பினார் என்று சாட்சி சொல்லச் சொல்லி பாஸ்டரம்மா கேட்டார், சொல்கிறேன், என் நாத்தனாரையும் கூட்டி வருவேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். தம்பிக்கு நீயே போன் செய்து மன்னிப்புக் கேள், நடுவில் என்னை இழுக்காதே.

உன் வகுப்புப் பெண்கள் அவரவர் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள் இல்லையா. அவர்களில் ஒருத்தி இந்நேரம் எவளோ ஒருத்தியின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ சொல்லிக்கொடுத்தபடி பேசத் தொடங்கியிருப்பாள். படுத்திருப்பவளின் பாஷை எனக்குத் தெரியாது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும் சுவரை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மொழிபெயர்க்கும் பெண்ணையே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருத்தி விடாமல் போனில் கூப்பிடு. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அப்படிப் படுத்திருப்பவளிடம் போனால் பாவத்தைத் தேடாதீர்கள், பிள்ளையைக் கையில் வாங்குங்கள், அவளை டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று சொல். வெட்கமாக இருந்தாலும் சொல், என்னை வெட்கப்படுத்த உனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று?

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன்னையும் உன் நாவையும் காப்பாராக. என் கோபம் ஆற நாளாகும், எனக்கு அப்புறம் போன் செய்யலாம். முதலில் அந்தப் பெண்களைக் கூப்பிடு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா