ஒரு கையால் தோற்ற தலைவருக்கு

அண்ணை,

இன்று குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகேறினேன். டீசல் மணத்துக்குள் பக்கத்து அக்காவின் போன் பேசிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் கூடுதல் வாக்கு எடுத்தவர் தோற்று, குறைவாக எடுத்தவர் சனாதிபதி ஆனாராம்.

"இதென்ன கூத்து? எண்ணத் தெரியாத சனமே?" என்றார் அக்கா.

"அக்கா, இது முதல் நடந்தது எங்கட நெடுந்தீவில. அவங்கள் எங்களைப் பாத்துப் பழகினவங்கள்" என்றேன். ஓட்டி எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் பால்போலக் கிடந்தது. அதன்மேல் நம் மாடு வளர்ப்போர் சங்கத் தேர்தல் மெல்ல மிதந்து வந்தது. மேற்கு, நடு, கிழக்கு என்று ஊருக்கு மூன்று குறிச்சி, எத்தனை கை தூக்கினாலும் குறிச்சிக்கு ஒரே வாக்கு. கோடையில் சங்கக் கிணற்றைப் பூட்டாமல் மாடுகளுக்குத் தொட்டி நிரப்பத்தான் நீங்கள் தலைவர் பதவி கேட்டீர்கள். எதிராளியோ பூட்டு வாங்கி வைத்திருந்தார்.

மேற்கில் உங்களுக்கு உயர்ந்த கைகளால் சூரியன் மறைந்து, கோழிகள் அடையப் போயின. கிழக்கு, எதிராளியின் ஊர், அவருக்கே போனது. நம் நடுக்குறிச்சியை ஒரேயொரு கையால் இழந்தோம். அந்தக் கை உங்களுடையது! போட்டிக்கு நிற்பவர் எதிராளிக்குக் கை தூக்குவதுதானே நம் பழைய மரியாதை. அங்கே கிழக்கில் அவரோ உங்களுக்குத் தூக்கவேண்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அண்ணை, கையைக் கீழ விடுங்கோ!" என்று நான் கத்தியது இராமேசுவரம் வரை கேட்டது.

"சும்மா இரும். எனக்கு நானே கை தூக்கிறதே? வெக்கமில்லையே?" என்றீர்கள்.

மொத்தக் கை உங்களுக்கு, தலைவர் கதிரை அவருக்கு. கிணறு பூட்டப்பட்டது.

மறுநாள் மாலை உங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து நீங்களே இறைத்துப் வாசல் படலையடித் தொட்டியை நிரப்பினீர்கள். மூன்று குறிச்சி மாடுகளும் வந்தன. தீவின் வெட்டவெளியில் திரிந்த காட்டுக் குதிரைகளும் புழுதிக்குள்ளிருந்து கனவுபோல வந்தன. எதிராளியின் சிவத்தப் பசுவும் நின்றது.

"இதுக்குமோ அண்ணை?"

"அதுக்கென்ன தெரியும், தான் எந்தக் குறிச்சியெண்டு?"

நீங்கள் கண்மூடியபின் இப்போது உங்கள் வாளி என்னிடம். தீவில் என்னைப்போல் இறைப்பவன் இல்லை, அது ஊரறிந்தது. ஆனால் தொட்டி நிரம்பியதும் பாருங்கள், மாடுகள் குடிக்க முன் தலையை நிமிர்த்தி என் முதுகுக்குப் பின்னால் பார்க்கின்றன. நானும் திரும்பிப் பார்க்கிறேன், தலைவரே. பிறகு சற்று விலகி நின்று, உங்களுக்கு இடம் விடுகிறேன்.